உச்சியில் ரெட்டைச் சுழி: எப்படிச் சீவினாலும் ஒரு கொத்து முடி எழும்பி நிற்கிறது

புளியரைக்காரன்:
வயது 26. உச்சந்தலையில் ரெட்டைச் சுழி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கொத்து முடி சேவல் கொண்டை மாதிரி நிற்கிறது. புனலூரில் வேலை, தினமும் பைக். ஜெல் போட்டு அமுக்கிச் சீவிக் கிளம்பினாலும் கோட்டைவாசல் தாண்டுவதற்குள் எழும்பிவிடும். சாரல் மாதங்களில் கேட்கவே வேண்டாம். போன மாதம் அந்தக் கொத்தை மட்டும் ஒட்ட வெட்டச் சொன்னேன், இப்போது முள்ளாக நிற்கிறது. ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்பாள் ஆச்சி. இந்தத் தலைக்கு ஒன்றே நடக்காது போல. வழி சொல்லுங்கள்.

செங்கோட்டை சலூன்காரர்:
தம்பி, ஒட்ட வெட்டியதுதான் தப்பு. சுழியில் முடி தோலுக்குள்ளிருந்தே சாய்ந்து வருகிறது. கருவிலேயே அமைந்த திசை அது, ஜெல்லுக்கு அடங்காது. நீளம் இருந்தால் அதன் பாரமே அமுக்கும். உச்சியில் இரண்டரை அங்குலம் வேண்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். ஆகவே ஐந்தாறு மாதம் அங்கே கத்திரி படக் கூடாது, ஓரம் மட்டும் குறையுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் தலை முழுக்க மெஷினில் 2-ஆம் நம்பர், அதாவது 6 மி.மீ. இரண்டும்கெட்டான் நீளம்தான் ஆகாது. சரி, குளித்ததும் ஈரத்தலையோடு ஹெல்மெட் மாட்டுவீர்களா?

புளியரைக்காரன்:
ஆமாம் அண்ணாச்சி, நேரம் இருக்காது.

களியக்காவிளை அக்கா:
அங்கேதான் இருக்கிறது வினை! ஈரத்தில் முடி இளகும், காயும்போது எந்த வாக்கில் கிடக்கிறதோ அப்படியே இறுகும். உங்களுக்கு அது ஹெல்மெட்டுக்குள் காய்கிறது. எனக்கு முன்நெற்றியில் சுழி, பத்து வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். நுனியை விடுங்கள், வேரை நன்றாக நனையுங்கள். டிரையரை மேலிருந்து கீழாகப் பிடித்து, விரலால் வேரை இடமும் வலமும் மாற்றி மாற்றித் தள்ளிக் காய வையுங்கள். ஒரே பக்கம் இழுத்தால் திமிறும். கடைசியில் அரை நிமிடம் குளிர்காற்று. ஜெல் அப்புறம்தான், அதுவும் கொஞ்சம். வகிடு சுழி போகிற போக்கில் எடுங்கள்.

புளியரைக்காரன் (மூன்று வாரம் கழித்து):
அக்கா சொன்னபடி செய்தேன், வேலைக்குப் போய்ச் சேரும்வரை முக்கால்வாசி படிந்தே இருக்கிறது. சாரல் அடித்தால் மறுபடி நட்டுக்கொள்ளும், அன்றைக்குத் தொப்பி. புனலூர் கடையில் 'சுழியைத் தொடாதீர்கள்' என்று சொல்லிவிட்டேன். மலையாளத்திலும் அது சுழிதானாம், உடனே புரிந்துகொண்டார்.