சேபியன் 1.4: மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவிய அனுபவம்

பழைய சிற்றிதழ்களின் தட்டச்சுப் பிரதிகளுக்குத் தேடல் வசதி அமைக்கும் பணியில், சேபியன் என்னும் சி++ தேடல் நிரலகத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு முன் பயன்படுத்திய முழுவுரைத் தேடல், உயிர்மெய்க் குறிகளைச் சொல்லின் பகுதியாகக் கருதாமல், குறி வரும் இடத்திலெல்லாம் சொல்லை உடைத்துக்கொண்டிருந்தது. சேபியனோ குறிகளையும் புள்ளியையும் எழுத்தோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. சொல்லின் விகுதிகளை நீக்கி அடிவடிவமாகக் குறுக்கும், தமிழுக்கான ஸ்னோபால் ஸ்டெம்மரும் 1.4 வரிசையில் உடன் வருகிறது. ஆனால் எங்கள் சர்வரில் இருந்த லினக்ஸ் வழங்கல், பழைய 1.2 வரிசையைத்தான் பொதியாகத் தந்தது. மின்னஞ்சல்களைத் தேடித்தரும் நாட்மச் அந்தப் பொதியைச் சார்ந்திருந்ததால் அதை நீக்கவும் இயலவில்லை. ஆகவே பழையது இருக்க, புதியதைப் பக்கத்தில் நிறுவ வேண்டியிருந்தது.

தொகுத்தலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சேபியன் சார்ந்திருக்கும் ஸீலிப், யுயுஐடி ஆகிய நிரலகங்களின் டெவலப்மென்ட் பொதிகள் இருந்தால் கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற வழக்கமான வரிசையிலேயே வேலை முடிந்துவிடும். நினைவகம் குறைந்த வாடகைச் சர்வர்களில் மட்டும் ஒரு கவனம் தேவை: பல கோப்புகளை ஒரே நேரத்தில் தொகுக்கச் சொன்னால் நினைவகம் போதாமல் கெர்னல் கம்பைலரையே கொன்றுவிடும், திரையில் 'கில்ட்' என்ற சொல்லோடு ஒரு பிழைச்செய்தி தெரியும். வட்டில் நினைவகத்துக்குத் துணையாக ஸ்வாப் இடம் ஒதுக்கி, ஒவ்வொரு கோப்பாகத் தொகுத்தால் நேரம் கூடினாலும் தடையின்றி முடிகிறது.

சிக்கல் தொடங்குவது நிறுவிய பிறகுதான். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் யுஎஸ்ஆர் லோக்கலுக்குள் போய்ச் சேரும். 1.2 வரிசையின் பகிர்வு நிரலகக் கோப்பு 22 என்ற எண்ணையும், 1.4 வரிசையினுடையது 30 என்ற எண்ணையும் பெயரின் இறுதியில் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுவதில்லை. எனினும் எந்த நிரல் எந்தப் பிரதியோடு இணைகிறது என்பதைச் சேபியன்-கன்ஃபிக் என்னும் சிறு நிரல்தான் தீர்மானிக்கிறது. கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலான பாதை மாறியில் எது முன்னால் வருகிறதோ அதுவே வெல்லும். இணைந்த பின்பும், 30 என முடியும் கோப்பைக் காணவில்லை என்று பிழை வரலாம். டெபியன் வகை வழங்கல்களில், பகிர்வு நிரலகங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகன்ஃபிக் கட்டளையை ஒருமுறை இயக்கினால் போதும். ரெட்ஹேட் வகையில் யுஎஸ்ஆர் லோக்கலின் லிப் கோப்புறையே தேடும் பட்டியலில் இருப்பதில்லை என்பதால், அதை முதலில் சேர்த்தாக வேண்டும்.

சொல்லடைவின் கோப்பு வடிவமும் வேறு. 1.2 இயல்பாக எழுதுவது செர்ட் வடிவம், 1.4 எழுதுவது கிளாஸ். புதியது பழைய வடிவத்தைப் படிக்கும், பழையதால் புதியதைத் திறக்கவே இயலாது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, யுஎஸ்ஆர் லோக்கலைத் தொடாமல், ஆப்ட் கோப்புறைக்குள் பதிப்பெண்ணோடு தனிக் கோப்புறை அமைத்து, கன்ஃபிகருக்கு ப்ரிஃபிக்ஸாக, அதாவது நிறுவும் இடமாக, அதையே கொடுத்தோம். என்னைக் கேட்டால் இரண்டு பிரதிகள் உள்ள கணினியில் இதுவே சரியான முறை. வேண்டாதபோது அந்தக் கோப்புறையை அழித்தால் போதும், மூலநிரலைத் தேடிப்பிடித்து மேக் அன்இன்ஸ்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சேபியனைப் பைத்தானிலிருந்து பயன்படுத்த உதவும் பைண்டிங்ஸ் மட்டும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. எந்தச் சேபியன்-கன்ஃபிக்கைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அதன் முழுப் பாதையோடு சூழல் மாறியில் தர வேண்டும். அப்படித் தந்தாலும், பைத்தான் கோப்புகள் ப்ரிஃபிக்ஸைப் பொருட்படுத்தாமல் கணினியின் பொதுப் பைத்தான் கோப்புறைக்கே போகும். ஒரு திட்டத்துக்கென்று தனியாக அமைக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் வைக்க, பைத்தான்3-லிப் என்ற மாறியையும் குறிப்பிட வேண்டும். ஆவணங்களை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் இல்லையென்றால் கன்ஃபிகர் பாதியிலேயே நின்றுவிடும், ஆவணமே நமக்குத் தேவையில்லை என்றாலும். முடிந்ததும், ஒரு கோப்பு எந்த நிரலகங்களோடு இணைகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையைப் பைண்டிங்ஸ் கோப்பின் மேல் இயக்கி, அது ஆப்ட் பாதையைக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பிறகு சில இதழ்களை ஏற்றி, சேபியன்-டெல்வ் கருவியால் சொற்பட்டியலை அச்சிட்டோம். ஸ்டெம்மர் குறுக்கிய வடிவங்கள் இஸட் என்ற முன்னொட்டோடும், மூல வடிவங்கள் அப்படியேயும் வந்தன. ஆனால் 'தொகுக்கப்பட்டிருக்கின்றன' பட்டியலில் இல்லை. உரையைச் சொற்களாகப் பிரித்து அடைவில் சேர்க்கும் டெர்ம்ஜெனரேட்டர் 64 பைட்டுக்கு மேற்பட்ட சொற்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவதுதான் காரணம். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அந்தச் சொல்லில் 24 குறியீடுகள், ஆக 72 பைட். ஆங்கிலத்துக்குத் தாராளமான இந்த வரம்பு, ஒட்டிக்கொண்டே நீளும் நம் வினைமுற்றுகளுக்குப் போதவில்லை. செட்-மேக்ஸ்-வேர்ட்-லெங்த் என்னும் செயற்கூறால் அதை உயர்த்தலாம். ஒரு சொல்லுக்குச் சேபியன் அனுமதிக்கும் உச்சம் 245 பைட் என்பதால் 200 என்று வைத்தோம். 1.2 வரிசையில் இந்தச் செயற்கூறே கிடையாது. எனவே தவறிப்போய்ப் பழைய பிரதி ஏற்றப்பட்டால், அடைவாக்கும் நிரல் ஒரு பக்கத்தைக்கூட எழுதாமல் அந்த வரியிலேயே பிழை சொல்லி நின்றுவிடும்.