மாட்டுப் பண்ணையைப் பருத்திக்காடாக்கும் கூட்டு: சேரலாமா? (ஆஸ்திரேலியா)

சிட்னிவாசி:
நியூ சவுத் வேல்ஸில் நமோய் ஆற்றுப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. நிலம் பண்ணைக்காரருடையது, சமப்படுத்துவது, வாய்க்கால், தண்ணீர் தேக்கக் கரை கட்டுவது எல்லாம் எங்கள் செலவு, லாபத்தில் பாதிப்பாதி என்கிறார். நண்பர்கள் நாலு பேர் தயார். நான் ஐடி ஆள், விவசாயம் தாத்தாவோடு போய்விட்டது. எதைப் பார்க்கணும்?

கரிசல்காட்டான்:
மண்ணை அப்புறம் பாருங்கள், தண்ணீர் யார் பெயரில் இருக்கிறது? நம் ஊரில் காட்டை வாங்கினால் கிணறும் கூடவே வரும். அங்கே நிலப் பத்திரம் வேறு, தண்ணீர் உரிமம் வேறு, உரிமத்தை மட்டும் தனியாக விற்றுவிடலாம். ஹெக்டேருக்கு சுமார் 6 முதல் 8 மெகாலிட்டர், அதாவது 60-80 லட்சம் லிட்டர் குடிக்கிற பயிர் பருத்தி. உரிமம் அவரிடம், கரை கட்டின காசு உங்களிடமிருந்து என்றால், கூட்டு முறிகிற அன்றைக்கு அவர் தண்ணீரை விற்றுக் காசாக்குவார், நீங்கள் கரையைத் தோண்டியா எடுத்துக்கொண்டு போவீர்கள்?

வைகைக்கரை:
சரியான கேள்வி. இன்னொன்று, உரிமம் இருந்தாலே தண்ணீர் வந்துவிடாது, கடும் வறட்சியில் பொது வகை (முன்னுரிமை குறைந்த) உரிமத்துக்கு ஒதுக்கீடு பூஜ்யமாகவும் போகும். அந்தப் பக்கம் வீ வா என்ற ஊரில் 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாக்காரர்கள் வந்து பருத்தி போட்டு ஜெயித்தார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் 1960-ல் நமோய் ஆற்றில் கீப்பிட் அணை கட்டி முடித்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். குயின்ஸ்லாந்தின் கப்பி ஸ்டேஷன் என்ற பெரிய பண்ணையும் ஒரு காலத்தில் மேய்ச்சல் பூமிதான். நாட்டிலேயே பெரிய பருத்திப் பண்ணை ஆனது, வறட்சியும் கடனும் சேர்ந்து அழுத்த 2009-ல் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது, 2012-13-ல் சீனாவின் ஷான்டாங் ருயி கம்பெனி 80 சதவீதம், உள்ளூர் லெம்ப்ரியர் கம்பெனி 20 சதவீதம் என்று வாங்கினார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்த நிலை!

மேட்டுக்காடு:
இயற்கையாக வளர்ந்த மரம், புதர், புல்வெளியை இஷ்டத்துக்கு அழிக்கவும் முடியாது, சட்டம் இருக்கிறது. வெள்ள நீரைப் பிடித்துத் தேக்குவதற்கும் உரிமம் வேண்டும். செலவுக் கணக்கில் இதெல்லாம் எழுதியிருக்கிறார்களா?

சிட்னிவாசி:
கேட்டுவிட்டேன். தண்ணீர் உரிமம் அவர் தம்பியின் கம்பெனி பெயரில் இருக்கிறதாம், "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிறார். காகிதங்களை வக்கீலிடம் கொடுக்கப் போகிறேன், நண்பர்கள் இப்போதே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.