மூணு பந்து கருவியில ரெண்டாவது பந்து எழும்ப மாட்டேங்குது
தென்னாப்பிரிக்கா டர்பன், சாட்ஸ்வொர்த்துல இருந்து எழுதறேன். அக்காவுக்கு வயசு 46, எடை 128 கிலோ. இரைப்பையைச் சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷன், லேப்ராஸ்கோப்பில (சின்னத் துளை போட்டு), முடிஞ்சு இன்னைக்கு 9 நாள்.

மூச்சுப் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட் குடுத்தது 600, 900, 1200னு (நொடிக்கு எத்தனை மில்லி காத்து உறிஞ்சறோம்ங்கற அளவு) போட்ட மூணு பந்து கருவி. ஆபரேஷனுக்கு முந்தி ரெண்டு பந்து சுலபமா ஏறிச்சு. இப்போ முதல் பந்தே நடுங்கிட்டுத்தான் நிக்குது. பாதி மூச்சுல வலது விலாவுக்குக் கீழ 'சுருக்'னு பிடிக்குதாம், அங்கேயே விட்டுடறா.

நேத்து டாக்டர் பார்த்தாச்சு. எக்ஸ்ரேல இடது நுரையீரல் அடிப்பக்கம் கொஞ்சம் சுருங்கியிருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் 95%. காய்ச்சல், கால் வீக்கம் இல்லை. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தா உடனே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. பயிற்சியை விடக் கூடாதாம். வயித்துக் கொழுப்பு உதரவிதானத்தை (நுரையீரலுக்குக் கீழ இருக்குற மூச்சுத் தசை) மேல தள்ளுது, வலிக்குப் பயந்து மேலோட்டமா மூச்சு விட்டா அடிநுரையீரல் விரியாது.

முதல் நாள் அக்கா கருவியை ஊதிட்டு இருந்தா, பலூன் மாதிரி! உறிஞ்சணும்னு திருத்திட்டோம். நிமிர்ந்து உட்கார வெச்சு, மணிக்கு 10 தடவை. தலையணையை வயித்துல அணைச்சு இருமல். வாயைத் திறந்து 'ஹா'ன்னு காத்தைத் தள்ளுறது. வாசல் வரைக்கும் நாலு நடை. ராத்திரி சிபேப் மாஸ்க் (தூங்கும்போது காத்தை அழுத்தி உள்ள அனுப்புறது), அது பழசுலேர்ந்தே உண்டு. ரெண்டாவது பந்து மட்டும் அசையல. பிசியோவோட அடுத்த நேரம் திங்கட்கிழமைதான்.

இதே ஆபரேஷன் பண்ணினவங்க, பிசியோ படிச்சவங்க சொல்லுங்க: வலி மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு இந்தப் பயிற்சியைச் செய்யணும்?