கடலூர்ப் பக்கம் 2 நாள்: அம்மா, பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

ஈரோட்டுக்காரி:
தைக் கடைசியில் கடலூரில் ஒரு கல்யாணம். அதை ஒட்டி 2 நாள் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, தேவாரம் என்றால் உயிர். பையனுக்கு 12, பெண்ணுக்கு 8. புதுச்சேரி கடற்கரை ஏற்கெனவே பார்த்தாயிற்று. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு மதியம் போய் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட முடியுமா?

கிள்ளைக்காரன்:
மதியம் வேண்டாம் அக்கா. வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கும், பறவையும் ஒதுங்கிவிடும். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக 15 கிலோமீட்டர் சொச்சம்தான், காலையிலேயே வந்துவிடுங்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். குறுகின வாய்க்காலுக்குள் அதுதான் போகும்.

உள்ளே போனதும் பிள்ளைகளுக்குச் சுரபுன்னை மரத்தைக் காட்டுங்கள். விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி தொங்கும், விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். தில்லையையும் கேட்டுப் பாருங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பேரைக் கொடுத்த மரம், அந்த ஊரில் இப்போது காடாக இல்லை, இங்கேதான் இருக்கிறது. உதிரப்போகும் இலை சிவந்து நிற்கும். அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகள் ஒடித்துவிடக் கூடாது. சின்ன வயதில் நான் ஒடித்தேன். பால் கண்ணில் தெறித்து இரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை, என் ஆத்தாதான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

தண்ணீர் வற்றிய நேரமென்றால் இருளர் ஆட்கள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடையை, பறி என்போம், பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

இந்தக் காட்டை வெறும் படகுச் சவாரி இடமாக நினைத்து வராதீர்கள் அக்கா. 2004 சுனாமியில் கடலைப் பார்த்து இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் குப்பம் அலையோடு போனது. காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் அந்த அளவு அடி இல்லை. நாங்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பாதிரிப்புலியூர் பெண்:
அம்மாவுக்குக் கடலூரிலேயே இருக்கிற எங்கள் திருப்பாதிரிப்புலியூர்தான்! கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் நமசிவாயப் பதிகம் பாடி மிதந்து கரையேறியது இங்கேதான் என்பார்கள். கரையேறவிட்ட குப்பம் என்றே ஒரு ஊர் இருக்கிறது. பாடலீஸ்வரர் கோயிலில் பெரிய படிக்கட்டு ஏற்றம் கிடையாது. அப்புறம் பண்ருட்டி பக்கம் திருவதிகை, அவருக்குச் சூலை நோய் தீர்ந்த தலம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஈரோட்டுக்காரி:
படித்துக் காட்டியதும் அம்மா திருவதிகை, திருவதிகை என்று ஆரம்பித்துவிட்டார்கள். முழங்காலோடு படகில் ஏற முடியுமா தம்பி?

கிள்ளைக்காரன்:
ஓட்டுகிறவர் கை கொடுத்து இறக்குவார், உட்கார்ந்துவிட்டால் பயமில்லை. பார்வைக் கோபுரத்தில் மட்டும் ஏற்றாதீர்கள். ஈரோடு திரும்பும்போது வடலூர் வழியாகப் போங்கள். பசித்தவர்களுக்குச் சோறு போட அங்கே தருமசாலையில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அம்மாவை அங்கே உட்காரவைத்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்கள்.