கலைச்சொல் விவாதம்: ட்ரெய்லரின் 'ஹாட் ஸ்கின்' நிலைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சிறிய ட்ராவல் ட்ரெய்லர்களுக்கான பழுதுநீக்கக் கையேட்டைத் தமிழாக்கும் பணி ஒரு சொல்லில் நிற்கிறது. அலுமினியத் தகடு, கதவுக் கைப்பிடி, இரும்புப் படி, சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) என்று வண்டியின் உலோகம் அத்தனையிலும் மின்னழுத்தம் ஏறி நிற்பதை அங்கே 'ஹாட் ஸ்கின்' என்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஈரப் புல்லில் நின்றபடி கதவைப் பிடிப்பவருக்கு ஷாக் அடிக்கும், உயிரும் போகலாம்.

தண்ணீர்ப் பகுதியில் இவ்வளவு தடுமாற்றம் இல்லை. பம்பின் செக் வால்வுக்குப் 'பின்னோட்டத் தடுப்பான்' என்று வைத்தோம். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்ப் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு நொடி ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பின்னோட்டத் தடுப்பான் கசிகிறது. வெளிக்குழாயை இணைத்ததும் நன்னீர்த் தொட்டி தானாக நிரம்பினால், முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தடுப்பானைத்தான். சொல்லே வேலையைக் காட்டிவிடுகிறது.

ஹாட் ஸ்கின்னுக்கு இதுவரை வந்தவை: சூடான மேற்புறம், மின்கசிவு, மின்னேற்றம். முதலாவதைப் படிப்பவர் வெயிலில் காய்ந்த தகடு என்றுதான் நினைப்பார். மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யலாமா?

மறுமொழி:

ஐயா, இரண்டும் வேண்டாம். 'மின்னேற்றம்' என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது. அதே கையேட்டில் அந்தப் பொருளில் பல இடங்களில் வரும். 'மின்கசிவு' பாதி உண்மை, அதனால் இன்னும் ஆபத்து.

வாட்டர் ஹீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் ஹீட்டர் காயில் கருகும், சில நேரம் அதன் உலோக உறை பிளக்கும். பிறகு தண்ணீர் நிரப்பினால் மின்சாரம் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து சேஸிக்கும் வரும். இதுதான் கசிவு. ஆனால் எர்த் ஒயர் சரியாக இருந்தால் மின்சாரம் அந்த வழியே திரும்பிவிடும், கசிவு பெரிதென்றால் பிரேக்கரும் விழும். வண்டிமேல் அழுத்தம் ஏறி நிற்காது. எர்த்தும் அறுந்திருந்தால்தான் ஏறும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் சாக்கெட்டில் செருக உதவும் அடாப்டர், எர்த் முள் ஒடிந்த எக்ஸ்டென்ஷன் ஒயர், எர்த்தே இல்லாத பழைய வீட்டு சாக்கெட் – வழக்கமான காரணங்கள் இவை. டயர் ரப்பர். தண்ணீர்க் குழாயும் இப்போது பெக்ஸ் பிளாஸ்டிக், அதன் வழியாகவும் மண்ணுக்குப் போகாது. 'மின்கசிவு' என்று எழுதினால் படிப்பவர் ஹீட்டரை மட்டும் மாற்றிவிட்டு, அறுந்த எர்த்தை அப்படியே விட்டுவிடுவார்.

மறுமொழி:

கசிவே இல்லாமலும் ஹாட் ஸ்கின் வரும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத பழைய சாக்கெட்டில், எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடும் குறுக்குவழி உண்டு. அங்கே ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் எர்த் முனையிலேயே அமெரிக்க வீட்டு மின்னழுத்தமான 120 வோல்ட் நிற்கும். பிளக்கைச் செருகிய கணமே வண்டி முழுவதும் ஃபேஸ்தான். சாக்கெட்டில் செருகிச் சோதிக்கும் மூன்று விளக்கு டெஸ்டர் 'சரி' என்றே காட்டும். முனைகளுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தை மட்டுமே அது பார்க்கிறது, அந்த வித்தியாசங்கள் சரியாகவே இருக்கின்றன. வண்டியின் பிரேக்கர், ஜிஎஃப்சிஐ (கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) எதுவும் எர்த் ஒயரைத் துண்டிக்காது. ஆகவே சொல் காரணத்தைச் சொல்லக் கூடாது. வண்டிமேல் அழுத்தம் நிற்கிறது என்ற நிலையை மட்டும் சொல்ல வேண்டும். 'மேனிமின்' எப்படி?

மறுமொழி:

அழகான சொல், ஆனால் மேனி என்றதும் மனித உடல்தான் நினைவுக்கு வருகிறது. 'அவர் மேனியில் மின் பாய்ந்தது' என்ற வாக்கியமும் அதே பக்கத்தில் வருமே.

நமக்குக் 'கூண்டு வண்டி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, மேலே மூடியிட்ட மாட்டு வண்டிக்கு. ட்ரெய்லரின் புறத்தைக் கூண்டு என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூண்டுமின் என்று முன்மொழிகிறேன். கூண்டுமின் ஏறியிருக்கிறது, கூண்டுமின் அளவு 60 வோல்ட், கூண்டுமின் சோதனை – மூன்றும் நாக்கில் தடையின்றி வருகின்றன. 'கூடுமின்' வேண்டாம், மின்சாரம் கூடுகிறது என்று படிக்க இடமுண்டு.

மறுமொழி (தொடங்கியவர்):

கூண்டுமின் பொருத்தமாகத் தோன்றுகிறது. பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

கூண்டுமின்: வண்டியின் வெளி உலோகத்துக்கும் மண்ணுக்கும் இடையில் நிற்கும் மின்னழுத்தம். சோதனை: தொடாமல் மின்னழுத்தம் காட்டும் டெஸ்டரைத் தகட்டருகே கொண்டுபோனால் ஒளிரும். மீட்டரில் அளக்க, ஒரு முனையைப் பெயின்ட் இல்லாத திருகாணியில் வைத்து, மறுமுனையை ஈர மண்ணில் குத்திய நீள ஸ்க்ரூடிரைவரில் வைக்கவும். 1–2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வண்டியைத் தொடாமல் வண்டிக்கு மின்சாரம் தரும் கம்பத்தில் உள்ள பிரேக்கரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கவும்.

மறுமொழி:

மூன்று திருத்தங்கள், ஐயா.

60 வோல்ட் அளவில் நின்றால் பெரும்பாலும் எர்த் மட்டும் அறுந்திருக்கும்; மைக்ரோவேவ் போன்றவற்றின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியே வரும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. 'ஆபத்தில்லை' என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த கசிவு வந்தால் 120 ஆகும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு செய்ய வேண்டியதும் வரட்டும். பிளக்கின் எர்த் முள்ளுக்கும் சேஸிக்கும் இடையில் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். நியூட்ரல் முள்ளுக்கும் எர்த் முள்ளுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஹீட்டர் காயிலின் இரு ஒயரையும் கழற்றி அளந்தால், 1,440 வாட் காயிலுக்குச் சுமார் 10 ஓம் வரும். எந்த முனையிலிருந்து தொட்டிக்கு அளந்தாலும் தொடர்பு காட்டக் கூடாது. வண்டிக்குள் பொருத்திய பாதுகாப்புச் சாதனம் இருந்தால் அதன் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மின்சாரம் இல்லாதபோது திறந்தே கிடக்கும், எனவே ஃபேஸ் முள்ளிலிருந்து எடுக்கும் அளவு உள்ளே இருக்கும் கசிவைக் காட்டாது.

கடைசியாக, 'மண்ணில் இரும்புக் கம்பி அடித்துச் சேஸியோடு கட்டினால் சரியாகிவிடும்' என்ற எண்ணத்தைப் பதிவிலேயே மறுத்துவிடுங்கள். கம்பிக்கும் மண்ணுக்கும் 25 ஓம் தடை என்று வைத்தாலும் 120 வோல்ட்டில் ஓடுவது 4.8 ஆம்பியர்தான். 30 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. கூண்டுமின் அப்படியே நிற்கும்.