இராவணன் மேல் இரக்கம் வருவது சரியா?

கேள்வி: நேற்றிரவு கம்பராமாயண யுத்த காண்டம் படித்தேன். முதல் போரில் தோற்ற இராவணன் வாளையும் வீரத்தையும் களத்திலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான். பகைவர் சிரிப்பார்களே என்று நாணவில்லை, சீதை சிரிப்பாளே என்றுதான் குறுகிப்போகிறான். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. இந்த இரக்கம் சரிதானா?

பதில்: இரக்கம் வரட்டும். ஆனால் கும்பகருணன் சபையிலேயே அவனிடம் சொன்னதையும் படியுங்கள்: பேசுவது மானம், பேணுவது காமம். கூடப்பிறந்தவனே சொல்லியும் கேட்கவில்லையே!

பதில்: எங்கள் பாட்டி விபூதி பூசும்போது திருநீற்றுப் பதிகம் சொல்வார். எட்டாம் பாட்டில் ‘இராவணன் மேலது நீறு’ என்று வரும். கயிலை மலைக்கு அடியில் நசுங்கியும் பாடி அருள் பெற்றவன் என்பார், கண் கலங்கியபடி.

கேட்டவர்: நன்றி. அப்புறம், கும்பகருணன் பேசும் இடத்தை இன்றே எடுக்கிறேன்.