டாக்சிசைக்ளினும் ஒரு டம்ளர் பாலும்

மாம்பலம் மணி: எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார்: "ஆன்டிபயாடிக் எல்லாமே சூடு. எது போட்டாலும் கூடவே ஒரு டம்ளர் பால் குடித்துவிட வேண்டும்." வரிசையாகக் கும்பிடு போட்டிருக்கிறார்கள். என் மைத்துனர் ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் 100 என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார், இதைப் படித்துவிட்டுப் பாலில் விழுங்குகிறார். பாலில் உள்ள கால்சியம் டாக்சியைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது என்று எழுதினேன். எனக்கு "மரியாதை தெரியாதவன்" பட்டம்.

பெரம்பூர் பார்மசி: மணி சார், அரைகுறை. பால் ஆகாது என்பது அதே குடும்பத்துப் பழைய மருந்தான டெட்ராசைக்ளினுக்கு, அதில் பாதியாவது வீணாகும். டாக்சியில் 20 சதவீதம்தான் குறையும். வயிற்றைப் புரட்டினால் பாலோடே கொடுக்கலாம். 28 வருடமாகக் கடையில் நிற்கிறேன்.

மாம்பலம் மணி: 20 சதவீதம் "தான்"! பத்து மாத்திரைக்குக் காசு வாங்கிக்கொண்டு எட்டு கொடுப்பீர்களா?

அடையாறு அத்தை: என் பிள்ளைகளுக்கு அமாக்சிசிலினைப் பாலோடுதான் கொடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒருவன் ஐஐடி.

பெரம்பூர் பார்மசி: அத்தை, அமாக்சிக்குப் பாலால் ஒன்றும் ஆகாது. அது பென்சிலின் ஜாதி, கிருமி தன் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். ஸ்க்ரப் டைபஸ் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது. அதற்கு அமாக்சியை டப்பா டப்பாவாகப் போட்டாலும் வேலைக்கு ஆகாது. டாக்சி, இல்லையென்றால் அசித்ரோமைசின். நோய் முற்றினால் இரண்டையும் சேர்த்து ஊசியில் போடுவது நல்லது என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்ற ஆய்வு 2023இல் வந்ததே, படிக்கவில்லையா?

மாம்பலம் மணி: பேச்சை மாற்றாதீர்கள். 20 சதவீதம்.

சும்மா வந்தவன்: ஃபில்டர் காபி பாலில் சேர்த்தியா?

பெரம்பூர் பார்மசி: பாலையே பிடித்துத் தொங்குகிறீர்களே, தண்ணீரைப் பற்றி யாராவது பேசினீர்களா? டாக்சி உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். கூரியர் பையன் ஒருவன் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்துவிட்டான். மூன்று நாள் ரசம்கூட இறங்கவில்லை. டம்ளர் நிறையத் தண்ணீர், அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் வெயில். டாக்சி போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வண்டி ஓட்டினால் தோல் வெந்துபோகும். வாட்ஸ்அப் பெரியவர் சொல்லும் சூடு இதுவாக இருந்தாலாவது பரவாயில்லை.

மாம்பலம் மணி: போன வருடம் சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின்) என்ற ஆன்டிபயாடிக்கால் குதிகால் தசைநார் அறும் என்றேன். "பத்து ரூபாய் மாத்திரையா அறுக்கும்" என்று சிரித்தவர் நீங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008லேயே மருந்துச் சீட்டில் கறுப்புக் கட்டம் போட்டு, அதாவது உச்சபட்சமாக, எச்சரித்த விஷயம் அது. மன்னிப்பு இன்னும் வரவில்லை.

பெரம்பூர் பார்மசி: அபூர்வமாக நடக்கும் என்றுதான் சொன்னேன். சிரித்தது உங்கள் எழுத்துப் பிழைக்கு. "தசைநாற்" என்று எழுதியிருந்தீர்கள்.

ராயபுரம் ராவ்: சண்டை போடும் மருந்தின் குடும்பத்தையே தொடங்கி வைத்தவர் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அது யாருக்கும் ஞாபகம் வராது.

மாம்பலம் மணி: அந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர். சுப்பாராவ் டக்கர் வேலை பார்த்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவர். மேலும் அவர் ஊர் பீமவரம், ஆந்திரா.

ராயபுரம் ராவ்: அவர் பிறந்த 1895இல் பீமவரம் எந்த மாகாணம்? டக்கருக்கு அந்த வேலை யாரால் நடந்தது? சுப்பாராவ் கதர் கட்டினார் என்பதற்காக எம்பிபிஎஸ் மறுத்து அதைவிடக் கீழான எல்எம்எஸ் பட்டம் கொடுத்தார்கள் என்பார்கள். இன்றைக்குப் பெருமையையும் பிடுங்குகிறீர்கள்.

பெரம்பூர் பார்மசி: ராவ் சார், தனித் திரி தொடங்குங்கள். இங்கே பால்.

அடையாறு அத்தை: தயிர்?

பெரம்பூர் பார்மசி: அதிலும் கால்சியம்தான். சிப்ரோவுக்கும் பால், தயிர் ஆகாது, இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். டாக்சிக்கு அந்த அளவு பயம் வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது?

மாம்பலம் மணி: 20 சதவீதம் குறையும் என்று நீங்களே எழுதியது மேலே இருக்கிறது.

பெரம்பூர் பார்மசி: உங்கள் மைத்துனருக்குக் காய்ச்சல் எப்படி?

மாம்பலம் மணி: நேற்றே விட்டுவிட்டது.

பெரம்பூர் பார்மசி: பாலில்தானே விழுங்கினார்?

மாம்பலம் மணி: தண்ணீரில் விழுங்கியிருந்தால் முந்தாநாளே விட்டிருக்கும்.

சும்மா வந்தவன்: காபிக்கு இன்னும் பதில் வரவில்லை.